சம்படம் காலியாகும் வரை

தீபாவளி அன்று எவ்வளவு சாப்பிட்டாலும் எடை பெரிதாக ஏறிவிடாது. இதைச் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், அன்றாடத் தேவை போக சுமார் 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் நக்கி, இட்லியும் கறிக்குழம்பும் ஒரு கட்டு கட்டி, மதியம் வடை பாயசத்தோடு சாப்பிட்டு, நடுநடுவே லட்டை உள்ளே தள்ளினாலும் ஒரே நாளில் அந்தக் கணக்கை எட்டுவது கஷ்டம். எடை ஏறுவது அதற்குப் பிறகுதான். பலகாரச் சம்படம் காலியாகும் வரை போகிற வாரங்களில்.

நம் ஊரில் பண்டிகைக் காலம் லேசில் முடியாது. நவராத்திரிச் சுண்டலில் தொடங்கி, ஆயுத பூஜைப் பொரிகடலை, தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக், திருவாதிரைக் களி என்று பொங்கல் வரை இழுக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் இதே மாதங்களில்தான். காலையில் நடக்கிறவர்கள் அக்டோபர் கடைசியில் ஒருநாள் மழையைப் பார்த்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். தை பிறந்த பிறகும் பலர் எழுந்திருப்பதில்லை. வாய்க்கு வேலை கூடும்போதே காலுக்கு வேலை குறைந்துபோகிறது.

அதனால் நான் முதலில் காப்பாற்றுவது நடையைத்தான். மழை விட்டால் மொட்டை மாடி, விடாவிட்டால் மாடிப்படி. போன் பேச வேண்டியதெல்லாம் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தபடியே பேசி முடிக்கிறேன். ஒரு மணி நேர நடையில் 250 கலோரி கரைந்தால் அதிகம். ஐம்பது கிராம் மிக்ஸர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே நடந்து கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சாப்பிடாதீர்கள். பழக்கம் அறுந்துவிடாமல் இருக்கத்தான் நடக்கிறேன்.

பண்டிகைக் கால எடையைப் பற்றி அமெரிக்காவில் 195 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஏறியது சராசரியாக அரை கிலோகூட இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சமும் அடுத்த ஒரு வருடத்தில் பெரும்பாலும் இறங்கவில்லை. பயப்பட வேண்டியது இதற்குத்தான். வருடத்துக்கு முந்நூறு நானூறு கிராம் என்றால் யார் கண்ணிலும் படாது. பத்துப் பன்னிரண்டு தீபாவளி போனால் வேட்டி சட்டைக்கே அளவு மாறிவிடும்.

எங்கள் வீட்டில் உண்மையான சண்டை அளவு பற்றித்தான். என் அத்தை முறுக்குக்கு அரிசியைப் படியால் அளந்து பழகியவர். பாதி போதும் என்றால், "நாலு வீட்டுக்குக் குடுக்க வேணாமா? வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்புறதா?" என்பார். நியாயமான கேள்விதான். கொடுத்தனுப்பினால் இன்னும் நாலு பாத்திரம் வருமே என்பதை மட்டும் அவர் யோசிப்பதில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வகைகளைக் குறைத்து, ஒரு காரம், ஒரு இனிப்பு, அதுவும் சில ஈடுகளோடு அடுப்பை அணைத்துவிடுவது. பாத்திரத்தைத் திருப்பும்போது கொய்யாவோ வாழைப்பழமோ வைத்து அனுப்புவது. கடைப்பெட்டியாக வருவதைப் பிரிப்பதே இல்லை. அன்றைக்கே காவலாளிக்கும் தெருக் கூட்டுகிற அம்மாவுக்கும் போய்விடும். நாம் தின்று சலித்து, சிக்கு வாடை வந்த பிறகு தூக்கிக் கொடுப்பது தானமில்லை.

அதிரசத்தைச் சட்டியிலிருந்து எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்துவோமே, அப்போது வடிகிற எண்ணெயைக் கவனித்திருக்கிறீர்களா? கிண்ணத்தின் அடியில் பழுப்பாகத் தேங்கி நிற்கும். அவ்வளவு பிழிந்தும் அதிரசம் வைத்த தாள் மறுநாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரி, சர்க்கரைக்கு நான்கு. "இது வெல்லம் போட்டது, உடம்புக்கு நல்லது" என்று தட்டை நீட்டுவார்கள். கலோரியில் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சாப்பிடுகிற விதத்தில் நான் மாற்றியது கொஞ்சம்தான். சம்படம் டிவி பக்கத்திலிருந்து பரணுக்குப் போனது. ஏறி எடுக்கிற அளவுக்கு ஆசை இருந்தால் எடுக்கலாம், ஆனால் தட்டில் வைத்துத்தான் தின்ன வேண்டும். சம்படத்துக்குள் கைவிட்டுத் தின்றால் எத்தனை போனதென்று யாருக்கும் தெரியாது. பலகாரம் தின்கிற நாளில் மாலை டிபன் கிடையாது, காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. நவராத்திரிச் சுண்டலை மட்டும் நான் தள்ளுவதே இல்லை. புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறைந்து, ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிட முடிகிறது.

சொந்தக்காரர் வீட்டில் டயட் என்ற வார்த்தையை எடுத்தால் பஞ்சாயத்து கூடிவிடும். "சித்தி, உங்க தேங்குழலுக்காகத்தான் வந்தேன், அது மட்டும் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சித்திக்கும் சந்தோஷம், மற்ற நாலு அயிட்டமும் தட்டில் விழாது. கட்டிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது நேராக உங்கள் பரணுக்குத்தான் வரும்.

காலையில் பட்டினி கிடந்து விருந்தில் பிடிப்பது எனக்குச் சரிப்படவில்லை. பசி முற்றினால் பந்தியில் கை நிற்காது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட, ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

எடை பார்க்கிற மெஷினை இந்த மாதங்களில் ஒளித்து வைக்காதீர்கள். பர்மிங்ஹாமில் 272 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பகுதியினரை வாரம் இரண்டு முறையாவது எடை பார்க்கச் சொல்லி, சில எளிய குறிப்புகளும் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுடைய எடை சுமார் அரை கிலோ குறைவாக இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் பதற வேண்டாம். அதில் பெரும்பகுதி உப்பும் மாவும் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர், சில நாளில் இறங்கிவிடும். பத்து நாளாகியும் இறங்கவில்லை என்றால் பரணைப் பாருங்கள். அங்கே இன்னும் பலகாரம் இருந்தால், இன்றைக்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.