கத்திக்குத் தோலுறை: நாமே செய்துகொள்ளும் முறை

பொழுது புலருமுன் எழுந்து, தலைவிளக்கின் ஒளியில் நிரைக்குச் செல்லும் தொழிலாளிக்குக் கத்தி கையின் ஒரு பகுதி போன்றது. பால்வெட்டும் உளியையும், புதர் வெட்டும் பாராங் கத்தியையும் தீட்டிக் கூர்மையாக வைத்துக்கொள்ளாதவர் நம்மிடையே இலர். ஆனால், அக்கூர்மைக்கு ஏற்ற உறை எத்தனை பேரிடம் உண்டு? பழைய செய்தித்தாளில் சுற்றியும், கோணிக்குள் செருகியும், மோட்டார் சைக்கிள் கூடையில் திறந்தபடி போட்டும் எடுத்துச் செல்வதையே பெரிதும் காண்கிறோம். வழுக்கி விழும் ஒரு நொடியில் அக்கத்தி தொடையையோ விரல் நரம்பையோ அறுத்துவிடக் கூடும். விரல் மடங்காத கை பால்வெட்டுக்கு உதவாது. அதன்பின் குடும்பத்தின் வருவாய் என்னாவது? வீட்டில் தவழும் குழந்தை திறந்த கத்தியைத் தொட்டாலும் அதே துன்பந்தான்.

கோப்பெங், பத்து காஜா வட்டாரத்தில் காடு திருத்தி ரப்பர் நட்ட காலந்தொட்டே கத்தி நம் முன்னோரின் கருவியாக இருந்து வருகிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் இங்கு அமைத்த கிந்தா கெல்லாஸ் தோட்டமும் அவ்வாறு உருவானதே. மலாய் மக்கள் தம் பாராங் கத்திக்கு இரு மரப்பலகைகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டிய ‘சாருங்’ என்னும் உறையைப் பயன்படுத்தினர். தோலுறையும் அதே பணியைச் செய்வதுதான். இடுப்பில் உறுத்தாது, விழுந்தாலும் பிளவாது.

எந்தத் தோல் ஏற்றது?

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோலே உறைக்குச் சிறந்தது. தமிழகத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவது நெடுங்கால வழக்கம். இத்தகைய தோல் விறைப்பானது. நனைத்து அழுத்தினால் கத்தியின் வடிவை ஏற்று, உலர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும். குரோமிய உப்பில் பதனிட்ட மென்மையான தோல் பைக்கும் காலணிக்கும் உகந்தது. உறைக்கு வடிவம் தராது. தோலின் கனம் 3 மில்லிமீட்டர் இருத்தல் நன்று. காலணி, பை தைப்போரிடம் மிச்சத் துண்டுகளைக் கேட்டுப் பெறலாம்.

தேவையானவை

தோல், கூரிய சிறு கத்தி, குத்தூசி, முனை மழுங்கிய 2 தையல் ஊசிகள், மெழுகிட்ட தடித்த நைலான் நூல், ரப்பர் பசை, உப்புத்தாள், தேன்மெழுகு. நாம் வெட்டும் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரே பசையாகி நம் உறையையும் ஒட்டுகிறது என்பது மகிழத்தக்கதன்றோ!

செய்முறை

அலகு 20 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உடைய நேரான கத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. தடித்த தாளை இரண்டாக மடித்து, மடிப்பினுள் கத்தியின் முதுகு படியுமாறு வைத்து, அலகின் விளிம்பை வரைக. கூர்ப்பக்கத்தில் வெளிப்புறமாக 15 மி.மீ. கூட்டுக. பிடியில் 4 செ.மீ. அளவு உறைக்குள் அமையட்டும். நுனிக்கு அப்பால் 1½ செ.மீ. விடுக. தாளை வெட்டிக் கத்தியைச் செருகிப் பார்த்துச் சரியானால் மட்டுமே தோலில் வரைந்து வெட்டுக. தாளில் நேரும் பிழைக்கு விலையில்லை. தோலில் நேரும் பிழைக்கு விலையுண்டு.

2. இடைவாரில் கோக்க, 3 செ.மீ. அகலமும் 18 செ.மீ. நீளமும் உள்ள பட்டையை வளையமாக மடித்து, உறையின் பின்பக்கத்தில் இப்போதே தைத்துவிடுக. மடித்து ஒட்டியபின் உள்ளே ஊசி செல்லாது.

3. தோலின் நடுவை நீரால் நனைத்து மடித்து உலரவிடுக. உலர்ந்த பின், 12 மி.மீ. அகலமுள்ள தோல்நாடா ஒன்றைக் கூர்ப்பக்க ஓரம் நெடுக இரு மடிப்புகளுக்கும் இடையில் வைத்து ஒட்டுக. இந்த இடைத்தோலே உறையின் உயிர். இது இல்லையெனில், கத்தியை உருவும்போதெல்லாம் கூர்முனை நூலை அறுக்கும்; ஒருநாள் உறை பிளந்து கையையும் அறுக்கும். நுனியில் மட்டும் 5 மி.மீ. இடைவெளி விடுக, மழைநீர் வடிய அதுவே வழி.

4. ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே கோடிட்டு, 5 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிடுக. மூன்று அடுக்குத் தோல் ஆதலின் நூல், தையல் நீளத்தைப்போல் 6 மடங்கு வேண்டும். 25 செ.மீ. தையலுக்கு 1½ மீட்டர். ஊசியில் கோக்க அரை மீட்டர். ஆக 2 மீட்டர். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்குக. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுநூல் தாங்கும். முடிவில் 3 துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுக.

5. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, சற்றே நனைத்து, வழவழப்பான மரத்துண்டால் மெருகேறும்வரை தேய்க்க.

6. உறையைச் சில நிமிடம் நீரில் நனைத்து, எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கத்தியைச் செருகி, விரல்களால் அழுத்தி வடிவமைக்க. வடிவம் படிந்ததும் கத்தியை எடுத்துவிட்டு நிழலில் உலர்த்துக. வெயிலோ அடுப்பனலோ தோலைச் சுருக்கி வெடிக்கச் செய்யும். நன்கு உலர்ந்தபின் தேன்மெழுகை மெல்லப் பூசுக.

புல்தரையின் மீது உறையைத் தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்குக. கத்தி நழுவினால், மீண்டும் நனைத்து வாய்ப்பகுதியை அழுத்துக.

செம்பும் பித்தளையும் வேண்டா

தையலுக்குப் பதிலாகச் செம்பு அல்லது பித்தளை ஆணி அறைவோர் உண்டு. நமக்கு அது தகாது. பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா இவ்வுலோகங்களை அரிக்கும். செம்பு பாலில் கலந்தால் ரப்பர் விரைவில் கெட்டுப் பிசுபிசுப்பாகும். ஆதலின் நூலே போதும்.

பேணும் முறை

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் உறைக்குள்ளேயே கிடக்கும் கத்தி துருப்பிடிக்கும். உறையும் பூஞ்சணம் பூக்கும். மோட்டார் சைக்கிளில் செல்கையில் உறையிட்ட கத்தியை இடுப்பில் கட்டாமல் பெட்டியில் வைத்தலே நலம்.

சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாகும். உறை இருப்பதால் அக்குற்றம் நீங்கிவிடாது. ஆகவே, வேலைக்கத்தி வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் மட்டுமே நம்முடன் வரட்டும்; கடைத்தெருவுக்கும் திருவிழாவுக்கும் வேண்டா.

தோல் வேலையைத் தாழ்வென்று எண்ணிய அறியாமை நம்மிடையே ஒரு காலத்தில் இருந்தது. கையால் செய்யும் எந்த நற்றொழிலும் இழிவன்று. ஓய்வுநாள் ஒன்றில், பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி அளவெடுக்கவும் கோடிடவும் பழக்கி, ஓர் உறை செய்து பார்ப்போமாக. ஒருநாள் உழைப்பு, பல ஆண்டுகள் நம் கையையும் காலையும் காக்கும்.