ஒருவருக்கு நாலு பீடி, ஒருவருக்கு ஒரு கட்டு – ஏன்?

"எங்க பெரியப்பா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு. என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

சங்கரன்கோவில் தறிக்கூடங்களிலும் டீக்கடைகளிலும் இப்படிப் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எண்பது வரை இருந்தவர் கண்ணில் படுகிறார். ஐம்பதில் போனவர் பேச வரமாட்டாரே!

கல்லீரல் செய்யும் வேலை

புகையிலுள்ள நிக்கோடின் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. பிறகு கல்லீரலில் சி.ஒய்.பி. 2ஏ6 என்னும் நொதிப்பொருள் அதைக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. பொதுவாக இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோடின் பாதியாகிவிடும். ஆனால் இந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். இது பெரும்பாலும் பெற்றோர் வழியாக வருவது.

வேகமாகக் கரைபவருக்குச் சீக்கிரமே கை பரபரக்கும். அடுத்த பீடியைத் தேடுவார். விடுவதும் அவருக்குக் கஷ்டம். மெதுவாகக் கரைபவர் நாலைந்தோடு நிறுத்திக்கொள்வார்.

"எனக்கு நாலுதானே!"

ஏமாந்துவிடாதீர்கள். நிக்கோடின் அடிமையாக்குகிறது, தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலையும் இருதயத்தையும் கெடுக்கின்றன. குறைவாகக் குடித்தால் புற்றுநோய் அபாயம் குறையலாம், நீங்காது. தினம் ஒரே சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு உண்டாகும் கூடுதல் இருதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி உண்டென்று 2018-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பீடியும் சாதுவானதல்ல. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறதே!

தாய்மார்கள் கவனத்திற்கு

கர்ப்ப காலத்தில் நிக்கோடின் இன்னும் வேகமாகக் கரையும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமுள்ளவர்களுக்கு ஆசை கூடலாம். அது குழந்தையையும் சேரும். எடை குறைந்து பிறக்கும். கணவர் வீட்டுக்குள் விடும் புகையும் கெடுதலே.

என்ன செய்யலாம்?

விட முயன்று தோற்றவர் கோழை அல்ல. அவர் உடம்பின் வேகம் அப்படி இருக்கலாம். ஒருவருக்குப் பலித்த மருந்து இன்னொருவருக்குப் பலிக்காமல் போகலாம். அரசு மருத்துவமனை டாக்டரிடம் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: தினம் எத்தனை? தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? 1800 11 2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

விட்ட ஒரே வருஷத்தில் இருதய நோயின் கூடுதல் அபாயம் பாதியாகக் குறையும்.

கல்லீரலின் வேகம் நம் கையில் இல்லை. தீப்பெட்டி நம் கையில்தான் இருக்கிறது!