தோல் பதனிடும் சாலைகளில் திடீர்ப் பரிசோதனைக்கு முன்னேற்பாடு

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் சாலைகளில் குடியானவர் குடும்பத்தினர் பலரும் வேலை செய்து வருகின்றனர். மழை பொய்த்த காலத்தில் அக்கூலியே அவர்கள் வீட்டில் உலை ஏற்றுகிறது. ஆதலின் அச்சாலைகளின் பாதுகாப்பைப் பற்றி ஈண்டு எழுதுவது பொருத்தமேயாகும்.

தொழிற்சாலைப் பரிசோதகர் முன்னறிவிப்பின்றியும் வரலாம். அவர் வாயிலில் வந்து நின்றபின் தரையைக் கழுவுவதும், பூட்டிவைத்த கையுறைகளை எடுத்து வழங்குவதும் பயன் தரா. விஷவாயுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்குச் செய்யும் முன்னேற்பாடே பரிசோதனைக்கும் முன்னேற்பாடாகும்.

தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பது வழக்கம். அக்கழிவு நீருடன் அமிலம் கலந்த நீர் சேருமாயின் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகும். அது காற்றினும் கனமானது, பள்ளத்தில் தங்கும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கு அந்நாற்றத்தை அறியும் சக்தியை இழந்துவிடும். நாற்றம் நின்றதென்று நம்பித் தொட்டியில் இறங்குவோரும், அவரைத் தூக்கப் பின்னே இறங்குவோரும் மாள்வதற்குக் காரணம் இதுவே.

ஆகவே கவனிக்க வேண்டுவன வருமாறு:

1. சல்பைடு நீருக்கும் அமில நீருக்கும் தனித்தனி வாய்க்கால் இருத்தல் வேண்டும்.

2. வாயுவைச் சோதித்துத் தகுதியுடையவர் எழுத்து மூலம் அனுமதி தராமல் ஒருவரும் தொட்டியில் இறங்கலாகாது. அன்றேல், சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் அணிந்து, பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியிலுள்ளவர் பிடித்திருக்க இறங்க வேண்டும். இது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு வகுத்த முறை. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினும் வாயுவின் குணம் மாறவில்லை.

3. சுழலும் டிரம்களுக்கும் யந்திரப் பட்டைகளுக்கும் தடுப்பு வேலி அவசியம். பழுது பார்க்கையில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிடுக.

4. அடைப்பான் நோயால் மாண்ட மாட்டின் தோலில் அந்நோயின் வித்துக்கள் நெடுங்காலம் உயிரோடிருக்கும், உப்பிட்டாலும் அழியா. அத்தகைய மாட்டைக் குடியானவர் உரிக்கவே கூடாது. பச்சைத் தோலைத் தொடுவோர் கையிலுள்ள புண்ணை மூடிக் கையுறை அணிதல் வேண்டும்.

5. கைகால் கழுவ நீரும் சோப்பும், முதலுதவிப் பெட்டியும் வேலை நடக்கும் இடத்திற்கு அருகிலேயே இருக்கட்டும்.

6. கழிவுத் தொட்டிகளின் சுவர்களில் வெடிப்பும் கசிவும் உண்டாவென்று பார்த்து வருக. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துச் சாலையில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். தொட்டியின் அருகே எவரையும் படுக்க விடலாகாது.

இவற்றைத் தினந்தோறும் காலையில் ஒருவர் சுற்றிப் பார்த்துக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுக. கண்ட குறையையும் அதைத் தீர்த்த நாளையும் மறைக்காமல் எழுதுதல் நன்று. பரிசோதகர் ஏட்டை மட்டும் பாரார், தொழிலாளியையும் அழைத்து, “தொட்டியில் ஒருவன் விழுந்தால் நீ என் செய்வாய்?” என்று வினவுவார். “இறங்கமாட்டேன்; கூவி ஆளழைத்துக் கயிற்றால் இழுப்பேன்” என்று கடைசிக் கூலியாளும் தயக்கமின்றிச் சொல்வானாயின், அச்சாலை எந்நாளும் பரிசோதனைக்குத் தயாராக உள்ளதென்று அறியலாம்.