மின்சாரக் காரும் உதிரிப் பாக வியாபாரமும்

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உலகச் சந்தை மாறிவிட்டது. 2024இல் உலகில் விற்பனையான புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரத்தால் சார்ஜ் செய்யக்கூடியவை.

பஞ்சிகாவத்தையிலும் ஏனைய ஊர்களிலும் உதிரிப் பாகம் விற்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முழு மின்சாரக் காருக்கு எஞ்சின் ஒயில் இல்லை, பிளக் இல்லை, ஒயில் பில்டர் இல்லை, சைலன்ஸர் இல்லை. வேகம் குறையும்போது மோட்டாரே மின்னை உற்பத்தி செய்து பற்றரிக்குத் திருப்பி அனுப்புவதால், பிரேக் பேடும் மெதுவாகவே தேயும்.

ஆனால் டயர், சஸ்பென்ஷன் புஷ், வைப்பர், ஏ.சி. வேலைகள் இருக்கவே செய்யும். பற்றரியின் பாரத்தால் டயர் வியாபாரம் கூடவும் இடமுண்டு. பாவனையிலுள்ள பெற்றோல், டீசல் வாகனங்களும் இன்னும் பல வருடங்கள் ஓடும். ஆகவே அவகாசம் உண்டு. கடையையோ கராஜையோ பொறுப்பேற்கவுள்ள பிள்ளைகளை இப்போதே மின்சார வாகனப் பயிற்சிக்கு அனுப்புங்கள். உயர் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கும். பார்த்துப் பழகும் வேலை அல்ல.

பாவித்த மின்சாரக் கார் விற்போர், பற்றரியின் மீதிக் கொள்ளளவை ஸ்கேனரில் பரிசோதித்து, வாங்குபவருக்கும் காட்ட வேண்டும். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பலமிழந்த பற்றரியை மறைத்து விற்பதும் அதே குற்றம்தான்.