கண்டியில் பேய் அழுததா?

அன்பு மகளுக்கு,

ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து நீ மொழிபெயர்த்து அனுப்பிய இரண்டு பக்கங்களும் கிடைத்தன. நடை நன்றாகக் கைவந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் மேலே போக முடியவில்லை. இந்த நாட்டில் இரவு வேளைகளில் "பேய் உரக்க அழும்" என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வியும் வைத்திருக்கிறாய்: ஆங்கிலத்தின் 'க்ரை' நம்முடைய 'கரை'யிலிருந்து போன சொல்தானா, ஒரு கூட்டத்தில் பேச்சாளர் அப்படிச் சொன்னாரே என்று. அந்த வரிக்கும் இந்தக் கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் நொக்ஸ் என்ற அந்த ஆங்கிலக் கடலோடி. 1660இல் கொட்டியாரத்தில் தன் தகப்பனோடு பிடிபட்டபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைக்கைதியாகவும் இல்லாமல், சுதந்திர மனிதனாகவும் இல்லாமல் கழித்தார். கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரையில் எலதெத்த என்ற ஊரில் காணி வாங்கி வீடு கட்டினார். 1679இல் அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிப் போனார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் அச்சானது. அந்தப் பேய்க்குரலைப் பற்றி அவர் சொல்லும் அடையாளங்களைத் திரும்பப் பார். கீச்சென்று இருக்கும், கிட்டத்தட்ட நாய் குரைப்பதுபோல் கேட்கும், ஓரிடத்தில் கேட்ட மறுகணம் பறவை பறந்து போக முடியாத வேகத்தில் இன்னோரிடத்தில் கேட்கும், அதைக் கேட்டால் நாய்களே நடுங்கும் என்கிறார். இதில் கண்ணீர் எங்கே இருக்கிறது? துக்கம் எங்கே இருக்கிறது? அந்தப் பேய் அழவில்லை, மகள். குரல் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதே நூலில் சாவு வீட்டைப் பற்றிய பகுதியும் உண்டு. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இரு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு, இறந்தவரின் குணங்களைச் சொல்லிச் சொல்லிக் கதறுவார்களாம். ஆண்கள் பெருமூச்சோடு நிற்பார்களாம். அங்கேயும் நொக்ஸ் எழுதும் சொல் 'க்ரை'தான். பேய்க்கும் அதுவே, பெண்களுக்கும் அதுவே. நம்முடைய பள்ளிக்கூடக் குறிப்புகளில் 'க்ரை என்றால் அழு' என்று ஒரே வரியில் எழுதி, அதை ஐந்தாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை பிள்ளைகள் சுமந்துகொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை வைத்துக் கோடு போட்டுவிட்டால் மொழி முடிந்துவிடுமா?

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது 'கிரியே'. வந்தபோது அதற்குக் கண்ணீரோடு எந்த உறவும் கிடையாது. கத்துவது, கூவுவது, ஊருக்கு அறிவிப்பது, உதவி கேட்டுக் கூப்பிடுவது, இவைதான் பொருள். தெருவில் மீனும் பழமும் கூவி விற்றவர்கள் செய்தது 'க்ரை'. அரசாணையை நாற்சந்தியில் நின்று சொன்னவன் 'க்ரையர்', நம்மூரில் தண்டோராப் போட்டவனைப் போல. கண்ணீர் விடுவது என்ற பொருள் பதினாறாம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் இலத்தீனின் 'குவிரிதாரே' நிற்கிறது. இத்தாலிய 'கிரிதாரே', ஸ்பானிய 'கிரித்தார்' எல்லாம் அதன் பிள்ளைகள். இந்தச் சொல்லுக்கு வார்ரோ என்ற உரோம அறிஞர் (கி.மு. 116–27) தந்த விளக்கம்தான் என்னை நாற்பது ஆண்டுகளாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. உரோமக் குடிமக்களுக்குக் 'குவிரிதேஸ்' என்று ஒரு பெயர் உண்டு. ஆபத்தில் மாட்டியவன் "குடிமக்களே, வாருங்கள்!" என்று அவர்களை அழைப்பதே 'குவிரிதாரே' என்கிறார் வார்ரோ. பன்றி கத்துவதைக் குறிக்கும் ஓர் ஒலிக்குறிப்புச் சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் இக்கால ஆய்வாளர்கள் உண்டு. வார்ரோவின் விளக்கத்தை அவர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் அவர் காலத்து உரோமன் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியபோது அதில் சக குடிமக்களின் பெயரும் சேர்ந்து கேட்டது என்பது சின்ன விஷயமா?

இது வெறும் சொல்விளையாட்டு என்று நினைக்காதே. 1285இல் இங்கிலாந்தில் வின்செஸ்டர் சட்டம் வந்தது. களவு நடந்தால் கூக்குரல் எழுப்ப வேண்டும். அதைக் கேட்ட ஊரார் எல்லாரும் கள்வனைத் துரத்தியே ஆக வேண்டும். அந்தக் கூக்குரலுக்குச் சட்டத்தில் வழங்கிய பெயரிலும் 'க்ரை' இருக்கிறது. குரல் எழுப்பியவனுக்கு ஊர் கடன்பட்டது. பழைய உரோமச் சட்டம் ஒன்றும் இதே மாதிரிப் பேசுகிறது. பெற்றோரைப் பிள்ளை அடித்து, பெற்றோர் கூச்சலிட்டால் பிள்ளைக்குத் தண்டனை. அங்கே வரும் வினைச்சொல் 'ப்ளோராரே'. பிற்கால இலத்தீனில் அது அழுவதாக மாறி, பிரெஞ்சில் 'ப்ளெரே' என்று இன்றைக்கும் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. கெஞ்சி மன்றாடுவதற்கு ஆங்கிலத்தில் 'இம்ப்ளோர்' என்கிறோமே, அதற்குள்ளும் இதே கூச்சல் இருக்கிறது.

'வீப்' என்ற சொல்லாவது தொடக்கம் முதல் கண்ணீராக இருந்ததா என்று கேட்பாய். அதுவும் இல்லை. அதன் நெருங்கிய உறவு கோதிக் மொழியின் 'வோப்யான்'. அதற்குப் பொருள் கூப்பிடு. வனாந்தரத்தில் ஒலிக்கும் குரல் என்று மாற்கு சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வருமே, அங்கே நான்காம் நூற்றாண்டுக் கோதிக் வேதாகமம் போட்டிருப்பது இந்த வினையைத்தான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் அதே இடத்தில் 'க்ரை' என்கிறது. தமிழில் பெயர்த்தவர்களோ அங்கே 'கூப்பிடு' என்ற வினையை எடுத்தாண்டார்கள். 'அழு' என்று போட்டிருந்தால் யோவான் ஸ்நானகன் வனாந்தரத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

இனி உன் பேச்சாளர். 'கரை'யும் 'க்ரை'யும் ஒன்றுபோலக் கேட்கின்றன, பொருளும் ஒத்திருக்கிறது, ஆகவே தமிழிலிருந்து போனது என்றாராம். இந்த மாதிரிப் பேச்சு தமிழுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. தமிழைக் கற்றவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க வைக்கிறது. ஒரு சொல் பயணம் போனால் அடிச்சுவடு இருக்கும். எந்த நூற்றாண்டு, எந்தத் துறைமுகம், எந்த ஏடு என்று காட்ட வேண்டும். 'க்ரை'க்கு இலத்தீனிலிருந்து ஆங்கிலம் வரை சுவடு தெளிவாகக் கிடக்கிறது. அந்த வழியில் தமிழ்நாடும் இல்லை, ஈழமும் இல்லை. அரிசிக்கும் இஞ்சிக்கும் தோகைக்கும் அப்படிப்பட்ட வாதங்கள் உண்டு. அவற்றைக் கப்பலோடும் சரக்கோடும் சேர்த்துச் சோதிக்கலாம். அழுகையை யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

ஆனால் அந்தப் பேச்சாளர் எட்டிப் பார்க்காமல் விட்ட இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'கரை' என்ற வினையைத் தமிழ் அகராதியில் எடுத்துப் பார். ஒலித்தல், அழைத்தல், சொல்லுதல், அழுதல் என்று பொருள்கள் அடுக்கிக்கொண்டு வரும். காகம் கரையும் என்கிறோம். எதற்குக் கரைகிறது? வள்ளுவர் கரையும் காக்கையைக் கொண்டுவந்து வைத்த அதிகாரம் 'சுற்றந்தழால்'. கிடைத்ததை ஒளிக்காமல் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் பறவை என்று அங்கே காட்டுகிறார். கரைதல் என்பது சுற்றத்தைக் கூப்பிடுவது. குவிரிதாரே என்பது குடிமக்களைக் கூப்பிடுவது. இரண்டு சொற்களுக்கும் இரத்த உறவு இல்லை, ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன.

மலையாளத்தில் 'கரயுக' என்பதுதான் அழுவதற்கு அன்றாடச் சொல். அழுகை அவர்களுக்குக் 'கரச்சில்'. நாம் கண்டியில் "பெரிய கரைச்சலாப் போச்சு" என்று தொல்லைக்குச் சொல்வதை ஒரு மலையாளி கேட்டால், யார் வீட்டில் அழுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். அந்தச் சொல் அவர்களிடம் கண்ணீர் வரை போய்விட்டது. நம்முடைய பேச்சுவழக்கில் அது காகத்தோடு நின்றுவிட்டது. 'க்ரை' ஆங்கிலத்தில் நடந்த அதே வழியைக் 'கரை' மலையாளத்தில் தனியாக நடந்திருக்கிறது.

சிங்களத்தைக் கேள். 'ஹண்ட' என்றால் குரல். 'ஹண்டனவா' என்றால் அழுவது. புத்தாண்டு நெருங்கும்போது உடவத்தக் காட்டுப் பக்கம் குயில் கூவுவதையும் அதே சொற்குடும்பத்தால்தான் சொல்கிறார்கள். பேய்ப்பறவை என்று நாம் அஞ்சும் 'உலமா'வின் கதையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டியது. கணவன் குழந்தையைக் கொன்று கறியாக்கிவிட, சட்டியில் விரலைக் கண்ட தாய் காட்டுக்குள் ஓடிப் பறவையாகி இன்றும் கதறுகிறாள் என்பார்கள். பெரிய ஆந்தை வகை ஒன்றின் குரலே அது என்பவர்கள் உண்டு. நொக்ஸ் கேட்ட பேயையும் அந்தப் பறவையோடு இணைத்துப் பேசியிருக்கிறார்கள். பறவைக் குரலில் ஒரு தாயைக் கேட்ட காதுதான் 'ஹண்ட'விலிருந்து 'ஹண்டனவா'வை எடுத்த காது.

எல்லாச் சொல்லும் இந்த வழியில் வரவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 'புலம்பு' என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலில் தரும் பொருள் தனிமை. வெகுகாலம் கழித்துத்தான் அது வாய்விட்டு அரற்றுவதாயிற்று. இலத்தீன்காரன் ஆட்களைக் கூப்பிடத் தொடங்கி அழுகைக்கு வந்து சேர்ந்தான். தமிழன் பக்கத்தில் ஆளில்லாத நிலையில் தொடங்கி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தான். இதை முதன்முதலில் கவனித்த மாலை பேராதனை நூலகத்தில் மழையால் மின்சாரம் நின்றுபோயிருந்தது. சன்னலோரம் நின்று அந்தச் சூத்திரத்தை மறுபடி மறுபடி வாசித்தது இன்றும் நினைவிருக்கிறது.

நொக்ஸின் தகப்பன் 1661இல் காய்ச்சலில் இறந்த பக்கத்தை வாசித்திருப்பாய். உடலை அடக்க உதவி கேட்ட மகனுக்கு ஊரார் கொடுத்தது மாடு கட்டும் கயிறு, இழுத்துப் போகும்படி. கூப்பிடக் குடிமக்கள் இல்லாத இடத்தில் நின்ற பிள்ளை அவன். அந்தப் பக்கத்துக்குப் 'புலம்பு' என்ற சொல்லை அதன் பழைய பொருளோடு எடுத்து வைத்துக்கொள்.

சாவு வீட்டுப் பெண்களுக்கு 'அழுதார்கள்' என்று வெறுமனே போடாதே. இறந்தவர் குணத்தைச் சொல்லி அழுவதற்கு நம்மிடம் 'ஒப்புச் சொல்லுதல்' இருக்கிறது. தோட்டத்து லயங்களில் தப்பு முழங்கும்போது உன் அப்பாயி செய்ததும் அதுதான். பேய் விஷயத்தில் 'அலறியது' என்றால் பயந்தது பேய் என்றாகிவிடும். 'ஊளையிட்டது' நரிக்குப் போய்விடும். நான் 'வீறிட்டது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன், மையால் எழுதவில்லை. இன்று அந்தியில் வாவிக்கரை மரங்களில் காகங்கள் அடையும் நேரம் பார்த்துப் போய்க் கொஞ்சம் நின்று கேள். அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் என்னுடையதை அழித்துவிட்டு உன்னுடையதை எழுதி, பக்கங்களை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்,
பேராதனை