இரவு ரோந்தில் கணிப்பொறியும் விளக்கும்

மாநிலக் காவல்துறைகளை நவீனப்படுத்த மத்திய அரசு நிதியுதவி அளிக்கும் திட்டம் 1969-70ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்நாளில் நவீனக் கருவி என்றால் ஜீப்பும் கம்பியில்லாச் செய்திக் கருவியுமே ஆகும். இன்று ரோந்து வண்டியில் பொருத்தப்படும் கணிப்பொறி, கையில் எடுத்துச் செல்லும் டேப்லெட், உயர்திறன் கைவிளக்கு எனப் பட்டியல் நீண்டுள்ளது. இவற்றுள் எது, எவ்விடத்திற்குப் பொருந்தும் என்ற வினாவை ஆராய மும்பை மாநகரின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஏற்ற களங்களாகும். தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதிகள் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. எனினும் ரோந்துக் காவலருக்கு அவை மூன்று வேறு உலகங்கள்.

மாட்டுங்கா, பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த மனைப்பிரிவு. அகன்ற சாலைகளும் வரிசையான வீட்டு எண்களும் உடையது. 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தால், கட்டுப்பாட்டு அறை அதனை அருகிலுள்ள வண்டியின் கணிப்பொறித் திரைக்கு அனுப்புகிறது. வண்டி வீட்டு வாயில்வரை செல்கிறது. கருவியை வடிவமைத்தவர் மனத்தில் இருந்தது இத்தகைய நகரமே எனலாம்.

தாராவியில் நிலைமை வேறு. சற்றேறக்குறைய 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் மக்கள் வாழ்கின்றனர். 90 அடிச் சாலையில் வண்டி நின்றுவிடும், அதற்கப்பால் நடைதான். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், மேல்தளங்கள் நீண்டு வானத்தையே மறைக்கின்றன. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் முறைக்குத் திறந்த வானம் தேவை. தகரக் கூரைகளில் மோதித் திரும்பும் சமிக்ஞை பல மீட்டர் பிழையை உண்டாக்கும். அகலச் சாலையில் அப்பிழை பொருட்டன்று. தாராவியிலோ அவ்வளவு தூரத்திற்குள் பல குடும்பங்கள் வாழும். வண்டியில் திருகாணியால் முடுக்கப்பட்ட விலையுயர்ந்த கணிப்பொறி சாலையிலேயே தங்கிவிட, காவலர் கைவிளக்கை நம்பி உள்ளே செல்கிறார்.

உறுதியின் அளவுகோல்

'உறுதியான கணிப்பொறி' என்பது விளம்பரச் சொல் அன்று. அதற்கு அளவைகள் உண்டு. அமெரிக்க இராணுவத் தர நிர்ணயமான மில்-எஸ்டிடி-810, கருவியை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை விழச்செய்து சோதிக்கும் முறையைக் கூறுகிறது. ஒரு பெட்டிக்கு முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8. ஒவ்வொன்றின் மீதும் ஒருமுறை விழவேண்டும் என்பதே இக்கணக்கு. தூசு, நீர் ஆகியவற்றைத் தடுக்கும் திறன் 'ஐ.பி.' எண்ணால் குறிக்கப்படும். ஐ.பி. 65 எனில் தூசு புகாது, பீச்சும் நீரைத் தாங்கும். ஐ.பி. 67 எனில் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதுறாது.

இவ்விரண்டுள் எதனைத் தேர்வது என்பதற்கு மும்பையின் மழையே விடை தரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருகித் தாழ்வான பகுதிகள் மூழ்கின. அத்தகைய நாளில்தான் காவலரின் கருவி இன்றியமையாதது. மழைத்தூறலை மட்டும் தாங்கும் கருவியை இந்நகருக்கு வாங்குவது சிக்கனம் ஆகாது.

பகலில் திரை தெரிவதும் முக்கியம். அலுவலக மடிக்கணினியின் ஒளிர்வு பொதுவாக 250 முதல் 300 நிட் வரை இருக்கும். வெயிலில் படிக்க 800 நிட்டுக்கு மேல் வேண்டும். ஒளிர்வு கூடக்கூட மின்கலம் விரைவில் தீரும். இங்குப் பணிநேரமும் கணக்கில் வருகிறது. செம்பூரை அடுத்த தேவனார் காவல் நிலையத்தில் 2016ஆம் ஆண்டு 8 மணி நேரப் பணிமுறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. காவலருக்கு ஓய்வு தரும் இம்முறையில் கருவிக்கு ஓய்வில்லை. அது மூன்று கைகளுக்கு மாறி நாள் முழுவதும் இயங்க வேண்டும். கருவியை நிறுத்தாமலே மின்கலத்தை மாற்றும் வசதி இல்லையெனில், மூன்றாம் முறைக் காவலர் கையில் எஞ்சுவது கனமான பலகை மட்டுமே.

ஒளியும் சாட்சியமும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையிடுதலையும் பொருள்களைக் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் எனக் கட்டளையிடுகிறது. பதிவு தாமதமின்றி நீதித்துறை நடுவர் போன்ற உரிய அதிகாரிக்கு அனுப்பப்பட வேண்டும். ஆகவே டேப்லெட்டின் விழியில் படுவது வழக்கின் சாட்சியமாகிறது. நள்ளிரவில், ஒற்றை விளக்கின் கீழ், 100 சதுர அடி அறையில் எடுக்கப்படும் படத்தில் என்ன தெரியும்? காவலர் நேர்மையாகச் செய்த சோதனை ஐயத்துக்கு உள்ளாகலாம். குற்றமற்ற குடியிருப்பாளர் தமக்குச் சாதகமான காட்சியை இழக்கலாம். இருவருக்கும் இதில் இழப்பு உண்டு.

நிறம் மற்றொரு சிக்கல். பழைய சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலச் சட்டையும் கறுப்புச் சட்டையும் ஒன்றாகவே தோன்றும். நிறங்காட்டும் குறியீட்டில் அதன் மதிப்பு 100க்கு ஏறத்தாழ 25. எல்.இ.டி. விளக்குகளில் அது 70க்கு மேல். குற்றவாளியை அடையாளங்காட்டும் வழக்குகளில் 'எந்த ஒளியில் பார்த்தீர்?' என்று சாட்சியைக் கேட்பது நம் நீதிமன்றங்களின் நெடுநாள் வழக்கம். அக்கேள்விக்கான விடை தெருவிளக்கிலேயே தொடங்குகிறது.

சிறு தெருக்களுக்குச் சராசரி 4 லக்ஸ் ஒளி வேண்டும் என்கிறது சாலை விளக்கொளி பற்றிய இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 1944. பெரிய அளவன்று, எனினும் கம்பம் நட இடமில்லாத சந்தில் அதனைத் தருவது எளிதன்று. உயர்கோபுர விளக்குகள் திறந்தவெளிக்கு நன்று; நெருங்கிய வீடுகளுக்கிடையே அவை நிழலையே பெருக்கும். சுவரில் பதிக்கும் சிறு விளக்குகளே தாராவிக்கு உகந்தவை. இரவில் பொதுக் கழிப்பறைக்கு நடந்து செல்லும் பெண்ணுக்கு ரோந்துக் காவலர் வந்து போகும் சில நிமிடங்கள் போதா. விளக்கு இரவெல்லாம் நிற்கும். அதன் பயனை ஒருவர் துய்ப்பதால் மற்றவருக்குக் குறைவதில்லை. பொருளியல் நூல்கள் பொதுப்பண்டத்துக்கு விளக்கை உதாரணம் காட்டுவது இதனாலேயே.

ஆனால் இவ்விளக்கு காவல்துறையின் வரவு-செலவுத் திட்டத்தில் இல்லை. தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. அதனைப் பராமரிப்பது தாராவி, மாட்டுங்காவில் பெஸ்ட் நிறுவனம். புறநகர்ப் பகுதிகளில் தனியார் மின் நிறுவனங்கள். எந்தச் சந்து இருண்டது என்பதைக் காவலர் அறிவார். அதனைத் திருத்தும் நிதி வேறு அலுவலகத்தில் உள்ளது.

செம்பூரின் தேவை பிறிதொன்று. அதன் தெற்கே மாகுல், டிராம்பே பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் உள்ளன. 2018 ஆகஸ்டு 8 அன்று மாகுல் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வெடிப்பும் தீயும் ஏற்பட்டுப் பலர் காயமுற்றனர். எரிவாயு கசியும் இடத்தில் சாதாரணக் கைவிளக்கின் பொத்தானே தீப்பொறியை எழுப்பலாம். அங்குச் செல்லும் ரோந்துப் படைக்குத் தீப்பொறி வெளிப்படாத சான்றிதழ் பெற்ற கைவிளக்கும் செய்திக்கருவியும் வேண்டும். ஒரே ஒப்பந்தப்புள்ளியில் மாநகர் முழுமைக்கும் ஒரே வகை விளக்கு வாங்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

அறிந்தவர் யார்?

2004ஆம் ஆண்டு மும்பை காவல் ஆணையரான ஏ.என். ராய், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவர் ஜோக்கின் அற்புதத்துடன் இணைந்து குடிசைப் பகுதிகளில் காவல் பஞ்சாயத்துகளை நிறுவினார். ஒவ்வொன்றிலும் 7 பெண்கள், 3 ஆண்கள்; உடன் அப்பகுதிக் காவலர் ஒருவர். குடும்பப் பூசல், குடிபோதைத் தகராறு ஆகியவற்றை வழக்காக முற்றுமுன் தீர்ப்பது அவற்றின் பணி. கோலார் தங்கவயலிலிருந்து இளம் வயதில் பம்பாய் வந்து, 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்ற ஜோக்கின், தம் மக்களைப் பற்றிய கணக்கெடுப்பை மக்களே செய்யவேண்டும் என வற்புறுத்தியவர். சந்தின் பெயர், வீட்டின் அடையாளம், எரியாத விளக்கு ஆகியவற்றை இத்தகைய குழுவினர் திரட்டித் தந்தால் கணிப்பொறியின் வரைபடம் உயிர்பெறும். செயற்கைக்கோள் தவறவிடும் வீட்டை அவர்கள் தவறவிடார்.

நிதி ஒதுக்கீட்டிலும் ஒரு திருத்தம் தேவை. கருவி வாங்குவது மூலதனச் செலவு. மானியம் எளிதில் கிடைக்கும். மின்கலம் மாற்றுவதும், உடைந்த திரையைச் சீர்செய்வதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் ஆண்டுதோறும் வரும் வருவாய்ச் செலவு; அதற்கு நிதி கேட்பது கடினம். லித்தியம் மின்கலம் நாள்தோறும் மின்னேற்றினால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே திறன் குன்றத் தொடங்கும். ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே ஐந்தாண்டுப் பராமரிப்பையும், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மாற்று மின்கலத்தையும், பழுதுற்ற நாள்களுக்கான தண்டத்தையும் விலைக்குள் சேர்த்துக் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்டால் தொடக்க விலை உயரும். வாங்கும் எண்ணிக்கை குறையும். பத்துக் கருவிகளுக்குப் பதில் ஏழே கிடைத்தாலும், நான்காம் ஆண்டின் மழைக்காலத்தில் அந்த ஏழும் இயங்கும்.