பாதையோரப் பூக்கள்

பூக்காரப் பாட்டி

ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி ஆற்றின் நடுவே இருக்கும் ஊர். ஆறு இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது. ரங்கநாத சுவாமி கோயிலுக்கு முன்னால் பூக்கடைகள் உண்டு. அங்கே ஒரு பாட்டி 30 ஆண்டுகளாகப் பூ விற்கிறார்.

பாட்டி பிறந்த ஊர் சத்தியமங்கலம். கல்யாணத்துக்கு முன்பு அறிவொளி வகுப்புக்குப் போனார். எழுதப் படிக்கக் கற்றார். இப்போதும் கடைக் கணக்கைத் தமிழில்தான் எழுதுவார். அவருடைய பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறாள்.

பாட்டிக்கு மல்லிகை தெரியும். கனகாம்பரம் தெரியும். செண்டுமல்லி தெரியும். முழம் போட்டு விற்கும் பூ எல்லாம் தெரியும். விலை இல்லாத பூவைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

யுகாதி கழிந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். பங்குனி மாதம் முடியப் போகும் நேரம். பாட்டியின் தங்கை மசினகுடியில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் பாட்டியும் பேத்தியும் புறப்பட்டார்கள்.

"பாட்டி, வழியில் பார்க்கிற பூவை எல்லாம் எழுதப் போறேன். நீயும் எழுதணும்" என்றாள் பேத்தி.

"நான் தமிழ்ல எழுதறேன். நீ கன்னடத்துல எழுது, கண்ணு" என்றார் பாட்டி.

பஸ் பயணம்

மைசூரில் ஊட்டி பஸ் ஏறினார்கள். பஸ் நஞ்சன்கூட்டைத் தாண்டியது. கபினி ஆறு பின்னால் போனது. குண்டல்பேட்டைப் பக்கம் நிலம் காய்ந்து கிடந்தது. ஆனால் வேலியோரத்தில் மஞ்சள் பூ பூத்திருந்தது.

"அது ஆவாரம்பூ. மழை இல்லாவிட்டாலும் பூக்கும்" என்றார் பாட்டி. அதன் பட்டையை முன்பு தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். பூவைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் உண்டு.

குண்டல்பேட்டைக்கு அப்பால் பந்திப்பூர்க் காடு தொடங்கியது. இது புலிகள் காப்பகம். இங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்க 2009-இல் இந்த ஏற்பாடு வந்தது. பகலிலும் வண்டியை நடுக்காட்டில் நிறுத்தக் கூடாது. கீழே இறங்கக் கூடாது.

காட்டில் பல மரங்களில் இலை இல்லை. இலை இல்லாத கிளையில் நெருப்புப் போல ஒரு பூ தெரிந்தது.

"பாட்டி, மரம் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு!"

"அது புரசு. இந்த இலையில்தான் சாப்பாட்டு இலை தைப்பாங்க. பூ முடியப் போகுது. மாசியில் வந்திருந்தா காடே சிவப்பா இருந்திருக்கும்."

கோடையில் காட்டில் தண்ணீர் குறைவு. பசுமை குறைவு. அந்த நேரத்தில் புரசும் இலவும் பூக்கின்றன. பூவில் இருக்கும் தேனைக் குடிக்கப் பறவைகள் வருகின்றன. அணில் வருகிறது. இலவம்பூ கீழே விழுந்தால் புள்ளிமான் வந்து தின்னும். இப்படிக் காட்டுப் பூ பல உயிர்களுக்குக் கோடைக்கால உணவு ஆகிறது.

பேத்தி முத்துக என்று கன்னடத்தில் எழுதினாள். பாட்டி புரசு என்று தமிழில் எழுதினார். பஸ் ஆடியது. எழுத்தும் ஆடியது. ஆனாலும் படிக்க முடிந்தது.

கக்கநல்லாவில் தமிழ்நாட்டு எல்லை வந்தது. அதற்கு அப்பால் முதுமலைக் காடு. தெப்பக்காட்டில் இருவரும் இறங்கினார்கள். அங்கிருந்து மசினகுடிக்கு வேறு பஸ் ஏறினார்கள்.

அழகான புதர்

மசினகுடியில் இரண்டு நாள் முன்புதான் கோடைமழை பெய்திருந்தது. சின்னப் பாட்டியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய புதர். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. சின்னச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒரே கொத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்திருந்தன.

பேத்தி ஓடிப் போய் ஒரு கிளையை ஒடித்தாள். "பாட்டி, இதை நம்ம வீட்டில் நடலாம். வேலிக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

பாட்டிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சின்னப் பாட்டி அந்தக் கிளையை வாங்கிக் கீழே போட்டார்.

"வேண்டாம் அக்கா. இதுதான் உண்ணிச்செடி. போன வருஷம் என் பசுவைச் சாகடிக்கப் பார்த்தது இதுதான்."

சின்னப் பாட்டி நடந்ததைச் சொன்னார். முன்பு வீட்டுக்குப் பின்னால் புல் இருந்தது. மாடு அங்கேயே மேயும். வருஷா வருஷம் உண்ணிச்செடி பரவியது. புல் குறைந்தது. போன கோடையில் பசு பசி தாங்காமல் உண்ணி இலையைத் தின்றுவிட்டது. சில நாளில் தீனி எடுக்கவில்லை. வெயில் பட்ட இடத்தில் தோல் வெடித்து உரிந்தது. மாட்டு டாக்டர் வந்தார். உண்ணி இலையில் இருக்கும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும் என்று சொன்னார். பசுவை நிழலில் கட்டச் சொன்னார். மருந்து கொடுத்தார். பசு பிழைத்தது. ஆனால் பால் வற்றிவிட்டது.

"பால் ஊத்தித்தான் மளிகைக் கடன் அடைச்சேன். அது நின்னு போச்சு" என்றார் சின்னப் பாட்டி.

பாட்டி பசுவின் முதுகைத் தடவிப் பார்த்தார். தோல் உரிந்த தழும்பு கையில் தட்டுப்பட்டது.

எங்கிருந்து வந்தது?

மாலையில் சின்னப் பாட்டியின் மகன் வந்தார். அவர் வனத்துறையில் காவலர். பேத்தி அவரிடம் கேட்டாள்.

"மாமா, இவ்வளவு கெட்ட செடியை யார் கொண்டு வந்தாங்க?"

மாமா சொன்னார். உண்ணிச்செடியின் சொந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1800-களின் தொடக்கத்தில் அதை அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். கல்கத்தாவில் இருந்த தாவரத் தோட்டத்தில் வளர்த்தார்கள். பூ அழகாக இருந்ததால் பல தோட்டங்களில் நட்டார்கள். பறவைகள் அதன் பழத்தைத் தின்றன. விதையைக் காட்டில் போட்டன. அது காடெங்கும் பரவியது. இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப்பகுதிகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இது பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

உண்ணி அடர்ந்தால் அதன் கீழே புல் வளராது. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் தீனி குறையும். தீனி தேடி யானை வயலுக்கு வரும். வழியோரப் புதருக்குள் யானை நின்றால் நடந்து போகிறவருக்குத் தெரியாது. கோடையில் காய்ந்த உண்ணிக் குச்சி தீயை வேகமாகப் பரப்பும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெரிய காட்டுத் தீ ஏற்பட்டது. பல ஆயிரம் ஏக்கர் காடு எரிந்தது.

"அழகுக்காக நட்ட செடி இப்படி ஆகும்னு அன்னைக்கு நட்டவங்களுக்குத் தெரியாது, பெரியம்மா" என்றார் மாமா.

எது கொன்றை?

மறுநாள் காலையில் ஊருக்குள் நடந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் சரக்கொன்றை பூக்கத் தொடங்கியிருந்தது. மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கியது. பாட்டி நின்று பார்த்தார்.

கொஞ்ச தூரத்தில் வேறு ஒரு மரம் இருந்தது. அதில் பூ இல்லை. மாமா அதைக் காட்டினார்.

"இதுவும் பூத்தா மஞ்சள்தான், பெரியம்மா. பார்க்கிறவங்க கொன்றைனு நினைப்பாங்க. ஆனா இது வேற. இது சென்னா மரம்."

இரண்டுக்கும் வேறுபாடு என்ன? சரக்கொன்றைப் பூ கீழ்நோக்கித் தொங்கும். சென்னாவின் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும். சரக்கொன்றையின் சிற்றிலை பெரியது. சென்னாவின் சிற்றிலை சிறியது. எண்ணிக்கையில் அதிகம்.

சென்னாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். நிழலுக்கும் அழகுக்கும் நட்டார்கள். இப்போது முதுமலை, பந்திப்பூர், வயநாடு காடுகளில் பரவிவிட்டது. வெட்டினால் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். இத்தகைய தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. முதுமலையில் வெட்டிய சென்னா மரம் காகிதக் கூழ் செய்யப் போயிருக்கிறது.

பாட்டி யோசித்தார். வழியில் பார்த்த ஆவாரம் மஞ்சள். கொன்றை மஞ்சள். சென்னாவும் மஞ்சள். நிறம் ஒன்று. குணம் வேறு.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டதா?

"அப்படின்னா வெளிநாட்டுச் செடி எதையும் வளர்க்கக் கூடாதா தம்பி?" என்று பாட்டி கேட்டார்.

மாமா சிரித்தார். "மிளகாய் இல்லாம குழம்பு வைப்பீங்களா, பெரியம்மா? மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நீங்க விக்கிற செண்டுமல்லியும் அப்படித்தான்."

பாட்டி வியப்போடு கேட்டார். 30 ஆண்டுகளாக விற்ற பூவின் ஊர் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மிளகாயும் செண்டுமல்லியும் நாம் நட்ட வயலில் நிற்கின்றன. காட்டுக்குள் போய் மற்றச் செடிகளை அழிப்பதில்லை. உண்ணியும் சென்னாவும் அப்படி இல்லை. அவை தாமாகப் பரவும். மற்றச் செடியின் இடத்தைப் பிடிக்கும். ஆகவே செடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மட்டும் பார்க்கக் கூடாது. வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

புதரை என்ன செய்வது?

உண்ணிச்செடியை மேலே மட்டும் வெட்டினால் பயனில்லை. மறுபடி முளைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்ட வேண்டும். புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். காய் பழுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பிறகு அந்த இடத்தில் புல் விதைக்க வேண்டும். புதுக் கன்று முளைத்தால் சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும்.

வெட்டிய குச்சி வீணாகாது. மலை மாதேசுவரர் மலையில் சோளகர் மக்கள் அதில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். நீலகிரியில் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய மக்கள் உண்ணிக் குச்சியில் யானை உருவங்கள் செய்தார்கள். நிஜ யானை அளவு உருவங்கள் அவை. 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டைக் கெடுத்த செடி இப்படிச் சிலருக்குக் கூலி கொடுத்தது.

அன்று எல்லோரும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த புதரில் ஒரு பகுதியை வெட்டினார்கள். மாமா வேரை வெட்டினார். பாட்டியும் சின்னப் பாட்டியும் புதரைக் கவிழ்த்தார்கள். பேத்தி கன்றுகளைப் பிடுங்கினாள். மாலைக்குள் ஒரு கட்டில் போடும் அளவு இடம் வெளியானது.

"இவ்வளவுதானா?" என்றாள் பேத்தி.

"இவ்வளவு இடத்தில் புல் முளைச்சா பசுவுக்கு ஒரு வேளைக்கு ஆகும், கண்ணு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் வெட்டுவேன்" என்றார் சின்னப் பாட்டி.

திரும்பும் வழி

புறப்படும் நாள் வந்தது. பேத்தி நீலகிரி மலையைப் பார்த்தாள். "மேலே என்ன பூ இருக்கும், மாமா?"

"மேலே நீலக்குறிஞ்சி உண்டு. 12 ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். 2018-இல் பூத்தது. அந்தச் செடி விதை போட்டுச் செத்துப்போகும். விதை முளைச்சு மறுபடி பூக்க 2030 ஆகும். அதுவரைக்கும் அதன் இடத்தை வேறு செடி பிடிக்காம இருக்கணும். யாரும் அதை வேரோடு பிடுங்காம இருக்கணும்."

பேத்தி விரலை மடக்கி எண்ணினாள். 2030-ஐக் குறிப்பேட்டில் எழுதிக் கோடு போட்டாள்.

பஸ் மீண்டும் காட்டுக்குள் போனது. சாலையோரத்தில் ஒரு கொன்றை பூத்திருந்தது. "ஒரு சரம் பறிச்சா என்ன பாட்டி?" என்று பேத்தி கேட்டாள்.

"கூடாது கண்ணு. மாமா சொன்னார் இல்லையா? இங்கே செடி, பூ எதையும் எடுக்கக் கூடாதுனு 1972-லேயே சட்டம் இருக்கு. இந்தப் பூ வண்டுக்கும் தேனீக்கும் வேணும். நாம பேரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவோம்."

ஊருக்கு வந்ததும் பாட்டி குறிப்பேட்டைக் கடையில் வைத்தார். அதில் இப்படி எழுதியிருந்தது:

ஆவாரம் – ஆவரிகே
புரசு – முத்துக
இலவு – பூருக
சரக்கொன்றை – கக்கே

அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "உண்ணி, சென்னா – நடக் கூடாது."

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தொட்டியோடு வந்தார். "பாட்டி, இதில் என்ன அழகான பூ, பாருங்க! வேலியோரம் நடப் போறேன்" என்றார். தொட்டியில் உண்ணிச்செடி இருந்தது.

பாட்டி அவரை உட்காரச் சொன்னார். குறிப்பேட்டைத் திறந்தார். தங்கையின் பசுவின் கதையிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

பொருள் அறிவோம்

பதனிடுதல் – தோல் கெடாமல் பக்குவம் செய்தல்
காப்பகம் – விலங்குகளையும் காட்டையும் காக்கும் இடம்
சிற்றிலை – ஓர் இலையில் இருக்கும் சிறு இலைகளில் ஒன்று
விழுக்காடு – நூற்றில் இத்தனை என்னும் கணக்கு

விடை சொல்லுங்கள்

1. கோடையில் பூக்கும் புரசும் இலவும் காட்டு உயிர்களுக்கு எப்படி உதவுகின்றன?
2. சின்னப் பாட்டியின் பசுவுக்கு என்ன ஆனது? ஏன்?
3. சரக்கொன்றைக்கும் சென்னாவுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு சொல்லுங்கள்.
4. மிளகாயும் வெளியிலிருந்து வந்தது. உண்ணியும் வெளியிலிருந்து வந்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்ப் பாதையோரத்தில் இப்போது என்ன பூ பூத்திருக்கிறது? ஐந்து பூக்களின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாத பூ இருந்தால் ஊரில் மூத்தவரிடம் கேளுங்கள். அது யாருக்குப் பயன்படுகிறது, எதைக் கெடுக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.